பி.எஸ்சி. சைக்காலஜி: மூன்று வருஷம் படிச்சா மனநல ஆலோசகர் ஆகிவிட முடியுமா?

2025 ஆகஸ்ட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சைக்காலஜி உள்ளிட்ட, சுகாதாரம் சார்ந்த சில பாடங்களை இனி தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே இது அமலுக்கு வந்தது.

இந்த அறிவிப்பு அதிகம் பாதித்தது பிளஸ் டூ முடித்தவர்களை அல்ல. வேலையில் இருந்தபடியே, "ஐ.டி. போதும், சைக்காலஜி படிச்சு கவுன்சலிங் பக்கம் போயிடலாம்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த 25 முதல் 35 வயதுக்காரர்களைத்தான். கொஞ்சம் செலவில், வார இறுதியில் படித்து, ஒரு பட்டம் வாங்கும் வழி அடைபட்டுவிட்டது.

ஆனால் அந்த வழி திறந்திருந்த காலத்திலும், சைக்காலஜி இளநிலைப் பட்டம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் குழப்பம் இருந்தது. மூன்று வருஷப் படிப்பை முடித்த பிறகுதான், இது பாதிகூட இல்லை என்று பலருக்கும் தெரியவருகிறது. படிப்பில் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சலர்: மூன்றும் ஒன்றா?

இல்லை. மூன்றும் மூன்று பாதைகள்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. போன்ற மேற்படிப்பு படித்தவர். நோயை உறுதிசெய்து மருந்து எழுதித் தரலாம்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருத்துவர் அல்ல. மருந்து எழுத முடியாது. உளவியல் சோதனைகள் மூலம் மதிப்பீடு செய்வதும், பேச்சு வழி சிகிச்சை தருவதும் இவருடைய வேலை. இந்தியாவில் இது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், யாரை இப்படி அழைக்கலாம் என்று தெளிவாக வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜி தகுதி வேண்டும். அல்லது உளவியலில் முதுநிலைப் பட்டமும், அதற்கு மேல் நேரடிக் கண்காணிப்பில் பயிற்சி பெற்ற இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் வேண்டும். அந்த எம்.ஃபில். படிப்பும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

கவுன்சலர் என்ற பெயர்தான் சிக்கலானது. பள்ளி, கல்லூரி, அலுவலகம், ஆப் எனப் பல இடங்களில் இந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள். சிலர் இரண்டு ஆண்டு கவுன்சலிங் சைக்காலஜி முதுநிலை முடித்தவர்கள். சிலர் மூன்று மாத சான்றிதழ் வகுப்பு மட்டும் படித்தவர்கள். பெயர்ப்பலகையில் இருவருக்கும் ஒரே சொல்தான். இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள நீண்ட காலம் எந்த உரிமமும் தேவைப்படவில்லை.

அப்போ பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர் என்ன? சட்டத்தின் பார்வையில் அவர் உளவியல் படித்த பட்டதாரி. அவ்வளவுதான்.

பட்டத்தை மட்டும் வைத்து கிளினிக் போட்டால் என்ன ஆகும்?

1992-ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டத்தில் 13-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர், மறுவாழ்வு நிபுணராகத் தொழில் செய்யக் கூடாது. மீறினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறார்.

1,000 ரூபாய் என்பது இன்று பல ஊர்களில் ஒரே ஒரு கவுன்சலிங் அமர்வுக்கான கட்டணம். சட்டம் இருந்தும் அது பெரிய தடையாக இல்லாமல் போனதற்கு, 1992-இல் வைத்த அந்த அபராதத் தொகையும் ஒரு காரணம்.

இதன் மறுபக்கமும் முக்கியம். நீங்கள் படிக்கப் போகிறவர் அல்ல, சிகிச்சைக்குப் போகிறவர் என்றால், எதிரில் இருப்பவரிடம் பதிவு எண் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதிவேட்டில் உள்ள பெயர்களை ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எண்ணைச் சொல்ல ஒருவர் தயங்கினால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்தான்.

2021-இல் வந்த இன்னொரு சட்டமும் இருக்கிறது. தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் என்பது அதன் பெயர். ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத மற்ற சைக்காலஜிஸ்ட்டுகள், நடத்தைப் பகுப்பாய்வாளர்கள், சில வகைக் கவுன்சலர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோரை இந்தச் சட்டம் ஒரே பிரிவில் கொண்டுவருகிறது. இவர்களுக்கும் பாடத்திட்டம், தரம், பதிவு எல்லாம் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். தொலைநிலைக் கல்வியில் சைக்காலஜி நிறுத்தப்பட்டது இந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான். நோயாளியை நேரில் பார்க்காமல் செவிலியர் ஆக முடியாது என்றால் சைக்காலஜிஸ்ட்டும் ஆக முடியாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் வாதம்.

வாதம் சரிதான். ஆனால் கல்லூரி இல்லாத ஊரில் இருப்பவர்களும், குடும்பத்துக்காக வேலையை விட முடியாதவர்களும் இதனால் வெளியே நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கான பழகிய பாதை இப்படி: இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு, எம்.ஃபில். 2 ஆண்டு. ஆக 7 ஆண்டு. 18 வயதில் தொடங்குபவர், இடையில் எங்கும் தடைபடாமல் போனால், 25 வயதில் பதிவு எண் வாங்கலாம். எம்.ஃபில். இடங்கள் மிகக் குறைவு என்பதால், பலர் ஓரிரு ஆண்டுகள் காத்திருந்து மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள்.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல மருத்துவ நிறுவனம், டெல்லியின் இபாஸ், அசாமில் தேஜ்பூரில் உள்ள மனநல நிறுவனம் ஆகியவை இந்தப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற அரசு நிறுவனங்கள். இந்தப் படிப்பின் வேர் 1950-களில் பெங்களூருவில் இருக்கிறது. பின்னாளில் நிம்ஹான்ஸுடன் இணைந்த அகில இந்திய மனநல நிறுவனத்தில்தான் மருத்துவம் சார்ந்த உளவியல் பயிற்சி நாட்டில் முறையாகத் தொடங்கியது.

இந்தப் பாதையே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிடச் சொன்னது. 2023 டிசம்பரில், எம்.ஃபில். இனி அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல, அதில் சேராதீர்கள் என்று யு.ஜி.சி. எச்சரித்தது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு வேறு வழியே இல்லையே என்ற கேள்வி எழுந்தது. அடுத்த மாதமே, கிளினிக்கல் சைக்காலஜி, மனநல சமூகப் பணி ஆகிய இரண்டு எம்.ஃபில். படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தரப்பட்டது.

இதற்கிடையில், கிளினிக்கல் சைக்காலஜியில் நான்கு ஆண்டு இளநிலை ஹானர்ஸ் படிப்பை 2024-25 முதல் ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. முதுநிலைக்குப் பிறகு நான்கு ஆண்டு படிக்கும் சை.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டமும் இருக்கிறது.

இங்கேதான் கவனம் தேவை. "கிளினிக்கல் சைக்காலஜி" என்ற சொல் எந்தக் கல்லூரியின் விளம்பரத்திலும் வரலாம். எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் பட்டம் தருகின்றன. பட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இருப்பதாலேயே பதிவு கிடைத்துவிடாது. அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றுக்கும் ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பணம் கட்டுவதற்கு முன்பு ஆர்.சி.ஐ. தளத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். கல்லூரியின் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள்.

சேர என்ன தகுதி வேண்டும்?

பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் சேரலாம். பள்ளியிலேயே சைக்காலஜி படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. சி.பி.எஸ்.இ.யில் 11, 12-ஆம் வகுப்புகளில் இது விருப்பப் பாடம், அதற்கான என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேரலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் அந்த இரண்டு புத்தகங்களையும் வாசித்துவிடுவது நல்லது. அவை போரடித்தால் பட்டப்படிப்பும் போரடிக்கும்.

டெல்லி பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் க்யூட் நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. டெல்லியில் லேடி ஸ்ரீராம், கார்கி, கமலா நேரு, ஜீசஸ் அண்ட் மேரி எனப் பெயர்பெற்ற உளவியல் துறைகள் பலவும் மகளிர் கல்லூரிகளில் இருக்கின்றன. ஆண்களுக்கு ஜாகிர் ஹுசைன், ஆர்யபட்டா, கேசவ் மகாவித்யாலயா போன்ற சில கல்லூரிகள்தான் வாய்ப்பு. விண்ணப்பிக்கும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தென்னிந்தியாவில் பெங்களூருவின் கிறைஸ்ட் பல்கலைக்கழகம் அதிகம் பேர் தேடும் இடம். சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவற்றில் இளநிலை உளவியல் இருக்கிறது.

பி.ஏ.வா, பி.எஸ்சி.யா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. அதிகம் கவலைப்பட வேண்டாத கேள்வியும்கூட. இந்தியாவில் முதுநிலைச் சேர்க்கைக்கு இரண்டுமே பொதுவாக ஏற்கப்படுகின்றன. பி.எஸ்சி. என்ற பெயர் இருந்தால் உடலியலும் ஆய்வகமும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதுவும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பெயரைப் பார்ப்பதைவிட, பாடத்திட்டத்தில் புள்ளியியல், ஆய்வு முறை, செய்முறை மூன்றுக்கும் எத்தனை தாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று வருஷமா, நான்கு வருஷமா?

யு.ஜி.சி.யின் 2022 கட்டமைப்பின்படி 3 ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், 4 ஆண்டு ஹானர்ஸுக்கு 160 கிரெடிட். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள், நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் எடுக்கலாம். நான்கு ஆண்டு முடித்தவர்களுக்கு முதுநிலை ஓர் ஆண்டாகக் குறைய வாய்ப்பு உண்டு. ஆக, மொத்த ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டு முறையே பரவலாக இருக்கிறது. வெளிநாட்டில் மேற்படிப்பு யோசிப்பவர்கள், போக நினைக்கும் பல்கலைக்கழகம் மூன்று ஆண்டுப் பட்டத்தை ஏற்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போனால் என்ன படிப்பீர்கள்?

"என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பார்க்கலாம்." சைக்காலஜி மாணவர்கள் முதல் வாரத்திலிருந்தே கேட்கும் கேள்வி இது. அதற்கான பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

இருப்பது இவைதான்: பொது உளவியல், மூளை-நரம்பு சார்ந்த உயிரியல் உளவியல், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமை, நிறுவன உளவியல், மனநலக் கோளாறுகள், கவுன்சலிங் அறிமுகம். இவற்றுக்கு நடுவில், பலரும் எதிர்பார்க்காமல் வந்து சிக்குவது புள்ளியியல்.

கணக்கிலிருந்து தப்பிக்க சைக்காலஜி எடுப்பவர்கள் உண்டு. முதல் ஆண்டிலேயே சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு எல்லாம் வந்துவிடும். பின்னர் டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு. இது பாடத்தில் ஒட்டவைத்த வேண்டாத பகுதி அல்ல. ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா, ஒரு குழந்தையின் மதிப்பெண் அந்த வயதுக்கு இயல்பானதா என்பதையெல்லாம் எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும். பிளஸ் டூ அளவு கணிதம் தேவையில்லை. எண்களைப் பார்த்து ஓடாத மனம் தேவை.

செய்முறை வகுப்புகள் சுவாரசியமானவை. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், முனையில் உள்ள அம்புக்குறியால் வேறு வேறு நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் மாயை, கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைவது, நினைவின் அளவை எண் வரிசைகளால் அளப்பது எனத் தொடங்கும். பிறகு ஆளுமைச் சோதனைகள், நுண்ணறிவுச் சோதனைகள். சி.எம். பாட்டியா உருவாக்கிய செயல்வழி நுண்ணறிவுச் சோதனைகள், பினே சோதனையை இந்தியச் சூழலுக்கு மாற்றிய காமத்தின் வடிவம் போன்ற இந்தியக் கருவிகளின் பெயர்களையும் இங்கேதான் கேள்விப்படுவீர்கள்.

இந்தச் சோதனைகளைப் பழகுவது வேறு, அதை வைத்து இன்னொருவருக்கு அறிக்கை எழுதித் தருவது வேறு. இரண்டாவதற்கு இளநிலைப் பட்டம் தகுதி தராது.

பாடப்புத்தகம் யாரைப் பற்றிப் பேசுகிறது?

இந்தியாவில் இந்தத் துறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் முதல் உளவியல் துறை தொடங்கியது. 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1924-இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.வி. கோபாலசுவாமி துறையைத் தொடங்கினார். 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. ஜெர்மனியின் லீப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உலகின் முதல் உளவியல் ஆய்வகத்தை அமைத்தது 1879-இல் என்பதை வைத்துப் பார்த்தால், நாம் ரொம்பப் பின்தங்கித் தொடங்கவில்லை.

ஆனாலும் வகுப்பறையில் இருக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் புத்தகங்கள், அல்லது அவற்றின் இந்தியப் பதிப்புகள். 2010-இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹெய்ன், அரா நோரன்சயான் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை ஒரு கணக்கைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. முன்னணி உளவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே கொண்ட மேற்கத்திய, தொழில்மயமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மனித மனம் இப்படித்தான் என்று படிக்கும் பல விஷயங்கள், உண்மையில் அமெரிக்கக் கல்லூரி மாணவரின் மனம் இப்படித்தான் என்ற அளவில் நிற்பவை.

2015-இல் இன்னொரு அடி. ஏற்கெனவே வெளியான 100 உளவியல் ஆய்வுகளை ஆய்வாளர்கள் பலர் கூடி மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம், தாங்கள் தேடிய விளைவு புள்ளியியல்ரீதியில் உறுதி என்று சொல்லியிருந்தன. மறு ஆய்வில் அப்படி வந்தவை 36 சதவீதம்தான். பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சோதனையை நம்பிவிடக் கூடாது என்று இப்போது நல்ல ஆசிரியர்கள் முதல் ஆண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். புள்ளியியல் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மொழி இன்னொரு சிக்கல். படிப்பது ஆங்கிலத்தில்; நாளை எதிரில் உட்காரப் போகிறவர் பேசுவது தமிழிலோ இந்தியிலோ. தமிழிலேயே பாருங்கள். பரீட்சை டென்ஷனுக்கும் "மன அழுத்தம்" என்கிறோம். சிகிச்சை தேவைப்படும் டிப்ரஷனுக்கும் பல செய்திகளில் "மன அழுத்தம்" என்றே எழுதுகிறோம். "மனச்சோர்வு" என்ற தனிச்சொல் இருந்தும் அது பேச்சில் பரவவில்லை. வீட்டில் ஒருவர், "நெஞ்சு அடைக்குது, எதுலயும் பிடிப்பில்ல, தூக்கமே வரல" என்று சொல்லும்போது, அதை டி.எஸ்.எம். கையேட்டின் எந்த அறிகுறியோடு பொருத்துவது என்பதை எந்த ஆங்கிலப் புத்தகமும் சொல்லித் தராது. களப்பயிற்சியில்தான் அது வரும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, மருத்துவமனையிலோ பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ களப்பயிற்சி தருகிறார்களா என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

ஆள் தேவை அவ்வளவு இருக்கிறதே, வேலை கிடைக்காதா?

எண்களைப் பார்ப்போம். நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. வாழ்நாளில் எப்போதாவது இருந்தவர்கள் 13.7 சதவீதம். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறுகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள்.

ஆட்கள் எத்தனை பேர்? நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2023 அறிக்கைப்படி லட்சம் பேருக்கு 0.75 சைக்கியாட்ரிஸ்ட், 3 பேராவது இருக்க வேண்டும் என்பது இலக்கு. சைக்காலஜிஸ்ட்டுகள் கணக்கு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குத் தரும் எண் லட்சத்துக்கு 0.07. 140 கோடி மக்களுக்கு இதைப் பெருக்கினால் சுமார் 1,000 பேர்தான் வருகிறது. இன்றைய உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்றாலும், பற்றாக்குறையின் அளவு புரியும்.

ஆனால் தேவையும் வேலைவாய்ப்பும் ஒன்றல்ல. சிகிச்சை தேவைப்படுபவர் எல்லோரும் பணம் கொடுத்து வர முடியாது. அரசு வேலையிடங்களோ சொற்பம். மாவட்ட மனநலத் திட்டத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அதற்கு ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 14416 என்ற டெலி-மானஸ் உதவி எண் சேவை கவுன்சலர்களுக்குப் புதிய வேலைகளைத் தந்திருக்கிறது.

பெரிய மாற்றம் கல்வி நிறுவனங்களிலிருந்து வரலாம். மாணவர் தற்கொலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், குறைந்தது ஒரு தகுதியான கவுன்சலர், சைக்காலஜிஸ்ட் அல்லது சமூகப் பணியாளரை நியமிக்க வேண்டும். அவருக்குக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி இருக்க வேண்டும். பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். இது முழுமையாக அமலானால், முதுநிலை முடித்தவர்களுக்கு வேலை இருக்கும். பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்களை வைத்துக் கணக்குக் காட்டும் நிறுவனங்களும் இருக்கும். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் 21 வயதுக்காரர், தற்கொலை எண்ணத்தோடு வரும் ஒரு மாணவரை மேற்பார்வை ஏதும் இல்லாமல் தனியாகக் கையாள வேண்டியிருக்கும். அது மாணவருக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து.

கவுன்சலிங் வேண்டாம் என்றால் வேறு என்ன?

இளநிலை முடித்த பலர் போவது இந்தப் பக்கம்தான்.

- மனிதவளத் துறை: ஆள் தேர்வு, பயிற்சி, பணியாளர் நலன். எம்.பி.ஏ. அல்லது நிறுவன உளவியலில் முதுநிலை சேர்த்துக்கொண்டால் வளர்ச்சி வேகமாக இருக்கும்.

- பயனர் ஆய்வு: ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே குழம்புகிறார்கள் என்று ஆராய்வது. நேர்காணல் எடுக்கவும் தரவைப் படிக்கவும் தெரிந்தவர்களுக்கு இங்கே மதிப்பு. சந்தை ஆய்வும் இதே வகை.

- சிறப்புக் கல்வி: பி.எட். சிறப்புக் கல்வி முடித்து, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுடன் வேலை செய்யலாம். இதற்கும் ஆர்.சி.ஐ. பதிவு உண்டு.

- பாதுகாப்பு, ரயில்வே: ராணுவ அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்.எஸ்.பி.யில் படம் பார்த்துக் கதை எழுதுவது, 60 சொற்களுக்கு உடனடி எதிர்வினை எழுதுவது போன்ற சோதனைகளை மதிப்பிடுவது உளவியலாளர்கள். ரயில் ஓட்டுநர், நிலைய அதிகாரி பணிகளுக்கான உளத்தகுதித் தேர்வுகளுக்குப் பின்னால் லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பின் உளவியல் பிரிவு இருக்கிறது. இடங்கள் குறைவு, ஆனால் இருக்கின்றன.

- சிவில் சர்வீஸ்: யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் உளவியல் ஒரு விருப்பப் பாடம். 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்.

வேலையில் இருக்கிறேன், இப்போ மாறலாமா?

தொலைநிலை வழி அடைபட்ட நிலையில், நேரடி வகுப்புதான் வழி. மறுபடியும் பி.எஸ்சி.யிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வேறு பட்டம் பெற்றவர்களை எம்.ஏ. உளவியலில் நேரடியாகச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. இளநிலையிலும் உளவியல் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் எம்.ஏ. சேர்வதற்கு முன்பே அதற்கு அடுத்த படியையும் பாருங்கள். ஆர்.சி.ஐ. படிப்புகளுக்கு முதுநிலை உளவியலில் பொதுவாக 55 சதவீத மதிப்பெண் கேட்கிறார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

நேர்மையான கணக்கு இதுதான். 28 வயதில் வேலையை விட்டு எம்.ஏ. சேர்ந்தால், பதிவு எண்ணுக்குக் குறைந்தது நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டும் முழுநேரம். வீட்டுக் கடன் தவணையும் பெற்றோர் செலவும் இருப்பவர் இதை மனசில் வைத்து முடிவெடுக்க வேண்டும். நான்கு ஆண்டு முடியாது, ஆனால் இந்த அறிவு வேண்டும் என்றால், உங்கள் தற்போதைய துறையிலேயே பயனர் ஆய்வு, பயிற்சி, பணியாளர் நலன் பக்கம் நகர்வது கைக்கெட்டும் வழி.

தன் மனச் சிக்கலைப் புரிந்துகொள்ளவே இந்தப் படிப்பில் சேருபவர்களும் நிறைய. அதில் தப்பில்லை. ஆனால் மனநலக் கோளாறுகள் பாடத்தைப் படிக்கும்போது எல்லா அறிகுறியும் தனக்கே இருப்பதாகத் தோன்றுவது இந்தத் துறை மாணவர்களிடம் அடிக்கடி நடப்பது. படிப்பு சிகிச்சைக்கு மாற்று அல்ல. உதவி தேவைப்பட்டால் முதலில் உதவியைத் தேடுங்கள். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். படிப்பில் பிறகும் சேரலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்தப் படிப்பு யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற நேரடி வகுப்புதானா?

2. "கிளினிக்கல்" என்ற பெயர் இருந்தால், இந்த ஆண்டுக்கான ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா? அனுமதிக் கடிதத்தைக் காட்டுவார்களா?

3. புள்ளியியல், ஆய்வு முறை, செய்முறைக்கு எத்தனை தாள்? ஆய்வகம் எங்கே?

4. களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், யார் மேற்பார்வையில்?

5. போன மூன்று வருஷம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே? கல்லூரி தரும் பட்டியலோடு நிற்காமல், படித்து முடித்த இரண்டு பேரிடமாவது நேரில் பேச முடியுமா?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கு, "அதெல்லாம் அப்புறம் வந்துடும்" என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடலாம்.